பையருக்கு ஒரு மெயில்

 

திருப்பூரில் ஆடை எக்ஸ்போர்ட் கம்பெனிகளில் புதிதாக மெர்ச்சண்டைசர் வேலைக்குச் சேரும் பிள்ளைகள், சரக்கு வாங்கும் வெளிநாட்டு பையருக்கு மெயிலை அனுப்புவதற்கு முன் ஒருமுறை பார்த்துத் தரும்படி என்னிடம் கொண்டுவருவார்கள். வீட்டிலேயே முதல் பட்டதாரிகள் பலர். "ஆபீஸ் இங்கிலீஷுக்கு எந்தப் புத்தகம் சார் நல்லது?" என்று கேட்பார்கள். கையில் ஏற்கெனவே ஒரு புத்தகம் இருக்கும். வேலைக்கான ஆயிரம் வார்த்தைகள், ஐந்நூறு தொடர்கள் என்று பட்டியல் போட்டிருக்கும். ராத்திரி ஷிப்மென்ட் வேலை முடித்து வந்து அதை மனப்பாடம் செய்கிறார்கள். அந்த உழைப்பு வேறு இடத்தில் போயிருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று எனக்கு ஆதங்கமாக இருக்கும்.

ஏனென்றால் தொழிலுக்கான வார்த்தைகள் அவர்களிடம் ஏற்கெனவே இருக்கின்றன. டெக் பேக், லேப் டிப், ஃபிட் சாம்பிள், சைஸ் செட், பிபி சாம்பிள், ஜிஎஸ்எம், ஷேட், பல்க், இன்ஸ்பெக்‌ஷன் என்று எதைக் கேட்டாலும் தூக்கத்தில்கூடச் சொல்வார்கள். எந்தப் புத்தகமும் அவர்களுக்கு இதைவிட அதிகம் கற்றுத்தராது. சிக்கல் அந்த வார்த்தைகளுக்கு நடுவில் வரும் வாக்கியங்களில் இருக்கிறது. கேட்பது, மறுப்பது, நினைவூட்டுவது, கெட்ட செய்தி சொல்வது, எதிர்க் கருத்து சொல்வது. இந்த ஐந்தாறு காரியங்களை எப்படிச் செய்வது என்பதுதான் பாடம்.

முதலில் கேட்பதை எடுத்துக்கொள்வோம். "நாளைக்குள்ள கமென்ட்ஸ் அனுப்புங்க" என்கிறோம். இதில் மரியாதை எங்கே இருக்கிறது? கடைசியில் வரும் 'ங்க'வில். அதை எடுத்துவிட்டால் தம்பியை விரட்டுவது போல ஆகிவிடும். தமிழில் மரியாதையை வினைச்சொல்லே சுமக்கிறது. தனியாக எதையும் சேர்க்க வேண்டியதில்லை. ஆங்கிலத்தில் அந்த வசதி இல்லை. 'சென்ட்' என்பது முதலாளிக்கும் அதே, பேரனுக்கும் அதே. நம் பிள்ளைகளுக்கு இது உள்ளூர உறுத்துகிறது. அதனால்தான் ஒவ்வொரு வாக்கியத்திலும் 'கைண்ட்லி' வந்து உட்கார்ந்துகொள்கிறது. கைண்ட்லி அப்ரூவ், கைண்ட்லி கன்ஃபர்ம், கைண்ட்லி டு த நீட்ஃபுல். அது 'ங்க'வுக்கு நாம் தேடிக்கொண்ட மாற்று. அந்த உணர்வு நல்ல உணர்வு, அதை நான் மதிக்கிறேன். ஆனால் ஹாம்பர்க்கிலோ லண்டனிலோ அதைப் படிப்பவருக்கு, பணம் கட்டச் சொல்லி வரும் நோட்டீஸ் போலத் தோன்றலாம்.

ஆங்கிலம் மரியாதையை வேறு இடங்களில் வைத்திருக்கிறது. கட்டளையைக் கேள்வியாக்கி, எதிராளி மறுப்பதற்கும் இடம் விடுவது ஒன்று. காரணம் சொல்வது இன்னொன்று. போதிய நேரம் கொடுப்பது மற்றொன்று. 'குட் யூ சென்ட் அஸ் யுவர் கமென்ட்ஸ் பை தர்ஸ்டே? வீ நீட் தெம் டு ஸ்டார்ட் டையிங் ஆன் ஃப்ரைடே.' இதில் 'கைண்ட்லி' இல்லை, 'ப்ளீஸ்'கூட இல்லை. ஆனாலும் இது பணிவான வாக்கியம். வியாழனுக்குள் ஏன் வேண்டும் என்பதை எதிராளிக்குச் சொல்லியிருக்கிறோம். அவரைத் துரத்தவில்லை, நம் கஷ்டத்தில் பங்கெடுக்க அழைத்திருக்கிறோம். காரணத்தோடு அனுப்பிய மெயிலுக்குப் பதில் வராவிட்டால் நினைவூட்டுவதும் சுலபம்.

'கேன்' இருக்கும்போது 'குட்' எதற்கு என்று ஒரு பெண் கேட்டாள். நல்ல கேள்வி. கேன், வில் ஆகியவற்றின் இறந்தகால வடிவங்கள்தான் குட், வுட். 'ஐ வாஸ் வொண்டரிங்' என்று சொல்வதும் அப்படியே. இப்போது கேட்பதை, எப்போதோ நினைத்தது போல ஓரடி தள்ளி வைக்கிறார்கள்; அந்தத் தள்ளல்தான் பணிவு. நாமும் இதையே வேறு வழியில் செய்கிறோம். எதிரில் நிற்பது ஒருவராக இருந்தாலும் 'நீங்கள்' என்று பன்மையாக்குகிறோம். அவர்கள் காலத்தால் விலகுகிறார்கள், நாம் எண்ணிக்கையால் விலகுகிறோம். இதைப் புரிந்துகொண்ட பிறகு அந்தப் பெண்ணுக்கு குட், வுட் இரண்டும் மனப்பாட விஷயமாக இருக்கவில்லை. எங்கே 'ங்க' வருமோ அங்கே தானாக வந்தன.

அடுத்தது, உண்மையிலேயே பணம் போகிற இடம். நம் ஊரில் முகத்துக்கு நேரே 'முடியாது' என்று சொல்வது கடுமை. "பார்க்கலாம்", "முயற்சி பண்றோம்", "கொஞ்சம் கஷ்டம் சார்" என்போம். கேட்பவருக்கும் அதில் மறுப்பு பாதிக்குமேல் இருப்பது தெரியும். பையர் 'கேன் யூ ஷிப் இன் வீக் 32?' என்று கேட்கிறார். நம் பிள்ளை 'இட் இஸ் டிஃபிகல்ட், பட் வீ வில் ட்ரை அவர் பெஸ்ட்' என்று எழுதுகிறது. எழுதியவர் மனதில் அது பணிவான மறுப்பு. படித்தவர் மனதில் அது சம்மதம். கஷ்டப்பட்டாவது செய்துவிடுவார்கள் என்று அவர் கேலண்டரில் குறித்துக்கொள்கிறார், கடைகளுக்கும் சொல்லிவிடுகிறார். 32-ஆம் வாரம் போனதும் சரக்கை ஏர் பண்ணச் சொல்வார்கள், அல்லது டிஸ்கவுண்ட் கேட்பார்கள். கப்பலில் போகவேண்டிய பனியன் விமானத்தில் போனால் அந்த ஆர்டரின் லாபம் என்ன ஆகும் என்று திருப்பூர்க்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

'வீ கான்ட் மீட் வீக் 32. வீ கேன் ஷிப் ஆன் 14 ஆகஸ்ட்.' இவ்வளவுதான் எழுத வேண்டும். இது முரட்டுத்தனம் என்று பிள்ளைகள் தயங்குகிறார்கள். முடியாததோடு முடிந்ததையும் சேர்த்துச் சொல்லிவிட்டால் அதில் முரட்டுத்தனம் எங்கே இருக்கிறது? பையர் தன் பக்கம் திட்டத்தை மாற்றிக்கொள்ள நாம் கொடுத்த அவகாசமல்லவா அது?

விலை பேசும்போதும் இதே கதை. பையர் 2.10 டாலர் கேட்கிறார், நமக்கு 2.35 தான் கட்டும். 'வெரி டிஃபிகல்ட்' என்று எழுதினால் அவர் இன்னும் கொஞ்சம் அழுத்திப் பார்ப்பார். '180 ஜிஎஸ்எம்மில் 2.10 முடியாது, 160 ஜிஎஸ்எம் துணி என்றால் 2.20 தர முடியும்' என்கிற பொருளில், முதல் பாதிக்கு 'கான்ட்', இரண்டாம் பாதிக்கு 'வீ குட் ஆஃபர்' போட்டு எழுதிப் பாருங்கள். பேச்சு துணியின் கனத்துக்குப் போய்விடும். யார் விட்டுக்கொடுப்பது என்ற இழுபறி நிற்கும். இங்கே 'சப்ஜெக்ட் டு' என்ற இரண்டு வார்த்தைகளை நன்றாகப் பழகிக்கொள்ள வேண்டும். 'சப்ஜெக்ட் டு யார்ன் ப்ரைஸ்' என்று சேர்த்தால் நூல் விலை ஏறினால் இந்த விலை நிற்காது என்று அர்த்தம். பையரிடமிருந்து 'அப்ரூவ்ட், சப்ஜெக்ட் டு பிலோ கமென்ட்ஸ்' என்று வந்தால், கமென்ட்ஸைச் சரிசெய்தால்தான் அது அப்ரூவல். 'அப்ரூவ்ட்' என்பதை மட்டும் படித்துவிட்டு கட்டிங்குக்குக் கொடுத்துவிடக் கூடாது.

நேரடியாகத் தமிழிலிருந்து வந்து உட்காரும் சில பழக்கங்களையும் சொல்லிவிடுகிறேன், வேகமாக. 'சந்தேகம்' கேட்கிறோம் என்று 'ஐ ஹேவ் எ டவுட்' எழுதினால், அவர் சொன்னதை நாம் நம்பவில்லை என்று எடுத்துக்கொள்வார், 'கொஸ்டின்' போதும். 'நீங்கதான் சொன்னீங்க' என்பது 'யூ ஒன்லி டோல்ட்' ஆகும்போது குற்றச்சாட்டாகிவிடுகிறது. 'அஸ் பெர் யுவர் மெயில் ஆஃப் 3 ஜூன்' என்று தேதியைக் காட்டினால் சண்டையில்லை. 'ரிவர்ட்' என்பதை நாம் பதில் சொல்வதற்குப் பயன்படுத்துகிறோம். பல ஊர் வாசகர்களுக்கு அது பழைய நிலைக்குத் திரும்புவது. ஷேட் பற்றிய மெயிலில் 'வீ வில் ரிவர்ட்' என்று எழுதினால் பழைய ஷேடுக்கே போகிறீர்களா என்று அவர் பதறக்கூடும். 'டு த நீட்ஃபுல்' பிரிட்டிஷ்காரர்களின் பழைய அலுவலகக் கடிதங்களிலிருந்தே நமக்கு வந்தது. அவர்கள் ஊரில் அது வழக்கொழிந்துவிட்டது. அதைத் தப்பு என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் 'தேவையானதைச் செய்யுங்கள்' என்று சொன்னால் எதைச் செய்வது என்று யாருக்கும் தெரியாது. கையெழுத்து வேண்டுமென்றால் கையெழுத்து என்றே கேளுங்கள்.

இனி, அர்த்தம் துல்லியமாகத் தெரிந்தே ஆகவேண்டிய வார்த்தைகள். இங்கே கொஞ்சம் நிதானமாகப் போவோம், ஏனென்றால் புத்தகங்கள் தாண்டிப்போகும் இடம் இது.

'எஃப்ஓபி தூத்துக்குடி' என்று எழுதும்போது சரக்கு கப்பலில் ஏறும்வரை பொறுப்பு நம்முடையது, ஏறியபின் பையருடையது. இந்த மாதிரிச் சொற்களின் பொருளை பாரிஸில் இருக்கும் சர்வதேச வணிகச் சபை 1936-இலிருந்து இன்கோடெர்ம்ஸ் என்ற பெயரில் வகுத்துத் தருகிறது. 2020-ஆம் ஆண்டுப் பதிப்பில் 11 சொற்கள் இருக்கின்றன. பதினொன்றுதானே, ஒரு வாரத்தில் படித்துவிடலாம். பணம் தருவதாக வங்கி கொடுக்கும் உறுதிக் கடிதமான எல்.சி.க்கும் அதே சபை விதிகள் வைத்திருக்கிறது. யுசிபி 600 என்று பெயர், 2007 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதில் சாதாரண ஆங்கில வார்த்தைகளுக்குக் கணக்கு வைத்திருப்பதைப் பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும். அளவுக்கோ தொகைக்கோ முன்னால் 'அபௌட்' அல்லது 'அப்ராக்ஸிமேட்லி' என்று இருந்தால், 10 சதவீதம் கூடலாம், குறையலாம். ஒரு தேதிக்கு முன்னால் 'ஆன் ஆர் அபௌட்' என்று இருந்தால், அந்தத் தேதிக்கு ஐந்து நாள் முன்பிருந்து ஐந்து நாள் பின்புவரை, இரண்டு முனைகளும் சேர்த்தி. மாதத்தின் 'பிகினிங்' என்றால் 1 முதல் 10, 'மிடில்' என்றால் 11 முதல் 20, 'எண்ட்' என்றால் 21 முதல் கடைசி நாள். 'ப்ராம்ப்ட்', 'இம்மீடியட்லி', 'அஸ் சூன் அஸ் பாசிபிள்' என்று யாராவது எழுதியிருந்தால்? ஒரு ஆவணத்திலேயே அந்த வார்த்தைகள் இடம்பெற வேண்டும் என்று கேட்டிருந்தாலொழிய, வங்கி அவற்றைக் கண்டுகொள்ளாது. நாம் ஒவ்வொரு மெயிலிலும் போடும் 'அஸ் சூன் அஸ் பாசிபிள்' வங்கிக்காரர் மேஜையில் வெற்றிடம். தேதி போடுங்கள் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான்.

தேதி போடும்போது மாதத்தை எழுத்தில் எழுதுங்கள். 04/05 என்றால் நமக்கும் ஜெர்மானியருக்கும் மே 4. அமெரிக்கருக்கு ஏப்ரல் 5. ஐரோப்பிய பையர்கள் வார எண்ணில் பேசுவார்கள். வாரம் திங்களில் தொடங்கும்; வருடத்தின் முதல் வியாழன் எந்த வாரத்தில் வருகிறதோ அதுதான் முதல் வாரம். ஜனவரி 1 வெள்ளியாக இருந்தால் அது போன வருடக் கணக்கில் சேர்ந்துவிடும். எண்ணிலும் கவனம் தேவை. ஜெர்மன் பையர் '1.500 பீஸ்' என்று எழுதினால் அது ஆயிரத்து ஐந்நூறு. அங்கே தசமத்துக்குத்தான் காற்புள்ளி. நாம் 1,00,000 என்று லட்சத்துக்குக் காற்புள்ளி வைப்பது அவருக்குக் குழப்பம்; காற்புள்ளியே இல்லாமல் 100000 என்று எழுதிவிடுங்கள். இலக்கணத்தில் ஒரு 'தி' விடுபட்டால் யாருக்கும் நஷ்டமில்லை. ஒரு புள்ளி இடம் மாறினால் நஷ்டம்.

இதைச் சொல்லும்போது பிள்ளைகள் முகத்தில் ஒரு நிம்மதி வரும். இலக்கணப் பிழைக்குத்தான் அவர்கள் அதிகம் பயப்படுகிறார்கள். அந்தப் பயம் அவர்களை நீளமான, கனமான வார்த்தைகளுக்குள் ஒளிந்துகொள்ளச் செய்கிறது. எதிரில் படிப்பவர் யார் என்று யோசியுங்கள். பார்சிலோனாவில் இருப்பவருக்கு ஸ்பானிஷ், ஹாம்பர்க்கில் இருப்பவருக்கு ஜெர்மன். அவரும் ஆங்கிலத்தைப் பள்ளியில் படித்துக் கற்றவர்தான். ஐபிஎம்மில் உயர் பதவியிலிருந்த ழான்-போல் நெரியேர் என்ற பிரெஞ்சுக்காரர், ஆங்கிலம் தாய்மொழி அல்லாத இருவர் ஒருவரையொருவர் சுலபமாகப் புரிந்துகொள்வதைக் கவனித்து, சுமார் 1,500 சொற்களே போதும் என்று 'குளோபிஷ்' என்ற பெயரில் ஒரு முறையை முன்வைத்தார். ஃபின்லாந்து, ஸ்வீடன் நிறுவனங்கள் இணைந்தபோது அங்கே நடந்த ஆங்கிலப் பேச்சை ஹெல்சின்கி ஆய்வாளர்கள் ஆராய்ந்து, 2005-இல் வெளியிட்டார்கள். வேலைக்கான ஆங்கிலத்தை யாருக்கும் தாய்மொழி அல்லாத ஒரு பொது மொழியாகவே பார்க்கவேண்டும் என்பது அவர்கள் நிலைப்பாடு. அந்தப் பொது மொழியில் நாமும் பங்குதாரர். விருந்தாளி போலக் கூச்சப்பட வேண்டியதில்லை.

அதனால், 'டச் பேஸ்', 'பால்பார்க் ஃபிகர்', 'சர்க்கிள் பேக்', 'லோ ஹேங்கிங் ஃப்ரூட்' மாதிரி அலங்காரத் தொடர்களைப் படிக்கும்போது புரிந்தால் போதும், எழுத வேண்டாம். முதல் இரண்டும் அமெரிக்கர்களின் பேஸ்பால் மைதானத்திலிருந்து வந்தவை. ஸ்பெயின்காரருக்கும் நமக்கும் அந்த ஆட்டம் தெரியாது. ஆங்கிலமே தாய்மொழியான இருவருக்குள்ளும் குழப்பம் வரும். ஒரு விஷயத்தை 'டேபிள்' பண்ணுவது என்றால் பிரிட்டனில் இப்போதே பேச எடுப்பது, அமெரிக்காவில் ஒத்திவைப்பது. இரண்டாம் உலகப்போரில் இரு நாட்டு அதிகாரிகள் இதனால் நீண்ட நேரம் வாக்குவாதம் செய்ததை சர்ச்சில் தன் போர் வரலாற்றில் எழுதியிருக்கிறார். இரண்டு தரப்புமே அதை உடனே பேசவேண்டும் என்றுதான் நினைத்திருக்கிறது.

இப்போது, எழுதுவதற்கு மிகக் கஷ்டமான மெயில். கெட்ட செய்தி.

நூல் வரத் தாமதம், டையிங்கில் ஷேட் ஃபெயில், பத்து நாள் தள்ளிப்போகும். நம் பிள்ளைகள் எழுதும் மெயில் இப்படி ஓடும்: நலமா என்று விசாரிப்பு, உங்கள் ஒத்துழைப்புக்கு நன்றி, மில்லில் பிரச்சினை, பிறகு மழை, பிறகு டையிங் யூனிட், பிறகு மறுபடி சாயம், எல்லாம் சொல்லிக் கடைசி வரியில் தாமதம். இது கெட்ட எண்ணமல்ல. துக்கச் செய்தியை வாசலிலேயே சொல்லிவிடக் கூடாது என்று வளர்க்கப்பட்டவர்கள் நாம். ஆனால் பையர் ஒரு நாளில் எத்தனையோ மெயில் பார்ப்பவர். மூன்றாவது வரிக்கு மேல் படிக்காமல் அடுத்ததற்குப் போய்விட்டால், பத்து நாள் தாமதம் அவருக்குத் தெரியாமலே இருக்கும். பிறகு "சொல்லவே இல்லையே" என்பார். நாம் சொன்னோம்தான், பதினாலாவது வரியில்.

இப்படி எழுதிப் பாருங்கள். தலைப்பிலேயே ஆர்டர் எண்ணும் 'டிலே' என்ற சொல்லும் வரட்டும். முதல் வரியில், நேவி ப்ளூ ஷேட் டெஸ்டில் ஃபெயில் ஆனதால் எக்ஸ்-ஃபேக்டரி தேதி 2 ஜூலையிலிருந்து 12 ஜூலைக்குப் போகிறது என்று சொல்லிவிடுங்கள். அடுத்து, எது பாதிக்கவில்லை என்பது: வெள்ளையும் சாம்பலும் 2 ஜூலையே தயார். இந்த வரிதான் பையருக்கு மூச்சு விட இடம் தரும். பிறகு, நாம் என்ன செய்கிறோம்: துணியை மறுபடி சாயம் போடக் கொடுத்தாயிற்று, புது ஷேட் பேண்ட் திங்கட்கிழமை கூரியரில் வரும். கடைசியில், அவரிடமிருந்து என்ன வேண்டும், எப்போது: இரண்டு கலரை முதலில் அனுப்பலாமா, மொத்தமாக அனுப்பலாமா, புதன்கிழமைக்குள் சொல்ல முடியுமா. மழையும் மில்லும் தேவைப்பட்டால் இதற்குப் பிறகு வரட்டும்.

மன்னிப்பும் கேட்கவேண்டும். 'சாரி ஃபார் த இன்கன்வீனியன்ஸ் காஸ்ட்' என்பது ரயில்வே ஸ்டேஷன் அறிவிப்பு மாதிரி. யாரும் யாரிடமும் கேட்காத மன்னிப்பு. நம் பக்கம் தவறு என்றால், 'தவறு நடந்துவிட்டது' என்று ஆள் இல்லாத வாக்கியத்தில் எழுதாமல், 'வீ மிஸ்ட் த கேர் லேபிள் சேஞ்ச் இன் யுவர் 9 மே மெயில். ஐ'ம் சாரி' என்று எழுதுங்கள். இதற்குத் துணிச்சல் வேண்டும், மேலே இருப்பவர்களின் ஒப்புதலும் வேண்டும். கிளெய்ம் வரக்கூடிய விஷயமென்றால் முதலில் அவர்களிடம் கேட்டுவிடுங்கள். ஆனால் எந்தத் தவறு என்று பெயர் சொல்லிக் கேட்ட மன்னிப்பைப் படிக்கும் பையர், அடுத்த தடவை இவர்கள் அதே இடத்தில் கவனமாக இருப்பார்கள் என்று நம்புவார்.

இதையெல்லாம் பழகுவது எப்படி? முதலில், யாரிடம் பேசுகிறோம் என்பதை மனதில் வைக்க வேண்டும். அமெரிக்கப் பங்குச் சந்தை ஆணையம், கம்பெனிகள் எளிய ஆங்கிலத்தில் எழுதவேண்டும் என்று 1998-இல் ஒரு கையேடு போட்டது. அதன் முன்னுரையில் வாரன் பஃபெட், தன் கம்பெனியின் ஆண்டறிக்கையை எழுதும்போது தன் சகோதரிகளிடம் பேசுவதாக நினைத்துக்கொள்வேன் என்கிறார். அவர்கள் புத்திசாலிகள், ஆனால் கணக்கு வழக்கில் நிபுணர்கள் அல்ல. உங்கள் பையரையும் அப்படி நினைத்துக்கொள்ளலாம். துணியைப் பற்றித் தெரியும், உங்கள் ஃபேக்டரியில் இன்று காலை நடந்தது தெரியாது.

பட்டியல் புத்தகத்தை மூடிவிட்டு, உங்கள் இன்பாக்ஸைத் திறங்கள். அதில் தெளிவாக எழுதுகிற பையர் ஒருவராவது இருப்பார். அவர் மறுக்கும்போது என்ன எழுதினார், அவசரப்படுத்தும்போது என்ன எழுதினார் என்று ஒரு நோட்டில் வாக்கியமாக எழுதி வையுங்கள், தனி வார்த்தையாக வேண்டாம். பக்கத்துக்குத் தலைப்பாகக் காரியத்தின் பெயரைப் போடுங்கள்: கேட்பது, மறுப்பது, தாமதம், விலை. அடுத்த முறை அதே காரியம் வரும்போது அந்த வாக்கியத்தில் உங்கள் ஆர்டர் எண்ணையும் தேதியையும் வைத்து எழுதுங்கள். அனுப்புவதற்கு முன் வாய்விட்டு ஒருமுறை படியுங்கள். மூச்சு வாங்கினால் வாக்கியத்தை இரண்டாக வெட்டுங்கள்.

போன், வீடியோ கால் என்றால் இன்னொரு பழக்கம் சேர்த்துக்கொள்ள வேண்டும். நாம் கேட்டுக்கொண்டிருக்கிறோம் என்பதற்கு 'ஓகே, ஓகே' என்போம், ஊரில் 'ம்' கொட்டுவது போல. அங்கே அது சம்மதம். 'ஐ சீ' என்று மாற்றிக்கொள்ளுங்கள். சம்மதித்தால் மட்டும் 'ஓகே'. புரியவில்லை என்றால் 'குட் யூ சே தட் அகெய்ன்?' என்று கேட்பதில் கேவலம் எதுவுமில்லை. கால் முடிந்ததும், அடுத்த வேலைக்குப் போகும் முன், நாலு வரி மெயில் ஒன்று: இன்று பேசி முடிவானது இது, இந்தத் தேதிக்குள் நாங்கள் இதைச் செய்கிறோம், இந்தத் தேதிக்குள் நீங்கள் இதை அனுப்புகிறீர்கள். கீழே ஒரு வரி: 'ப்ளீஸ் டெல் மீ இஃப் ஐ ஹேவ் எனிதிங் ராங்.' தப்பாகக் கேட்டது நாமாக இருந்தாலும் அவராக இருந்தாலும், துணி வெட்டுவதற்கு முன்பே அது வெளியே வந்துவிடும்.